முதல் ரொட்டியில் பாதி

எனக்கு வாய் நீளம். தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். குப்பை வண்டி ஒருநாள் வராவிட்டால், அடுத்த நாள் அந்த டிரைவர் எனக்குப் பதில் சொல்லாமல் வண்டியை நகர்த்த முடியாது. எதிர்வீட்டில் பிள்ளையை அடித்தால் மாடி ஜன்னலில் இருந்தே கேட்பேன். உனக்கென்ன வந்தது என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. எனக்கென்ன வந்ததோ, கேட்காவிட்டால் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை, பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

நான் இருப்பது ரொட்டிக்கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில். தையல் வேலை. கீழே இருக்கும் அடுப்பின் புகைக்குழாய் என் சுவரை ஒட்டித்தான் மேலே போகிறது. குளிர்காலத்தில் கட்டிலை அந்தச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொள்வேன். பதினெட்டு வருஷமாக அந்த வாசத்தில்தான் கண் விழிக்கிறேன். முதலில் புளித்த மாவின் வாசம் படியேறி வரும். பிறகு சூடான தட்டு, பிறகு ரொட்டியின் மேல்தோல் சிவக்கிற வாசம். அது வந்தால் மணி ஐந்தரை.

கடையை நடத்துகிறவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான ஆள். காது மடலில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும். அவர் பெண்டாட்டி கல்லாவில் நிற்பாள், மாவும் பிசைவாள். என்னை அக்கா என்பாள், நான் அவளைத் தங்கச்சி என்பேன். பிள்ளை குட்டி கிடையாது. மாவுதான் பிள்ளை என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

முந்தின நாள் மாவில் ஒரு கைப்பிடி எடுத்து மூடி வைத்திருப்பார்கள். அதுதான் மறுநாள் மாவைப் புளிக்க வைப்பது. பழைய மாவு என்பார்கள். காலையில் மாஸ்டர் அந்த மூடியைத் திறந்து, கண்ணை மூடி, குனிந்து ஒரே ஒரு மூச்சு இழுப்பார். சரியாக இருந்தால், "போகலாம்." சரியில்லையென்றால், "கால் மணி பொறு." அவர் போகலாம் என்று சொல்லாமல் தங்கச்சி மாவு மூட்டையைத் தொடமாட்டாள். தராசு, கடிகாரம், ஒன்றும் கிடையாது. அந்த மூக்குதான்.

அந்தக் கடையில் இன்னொரு பழக்கமும் உண்டு. அடுப்பிலிருந்து வரும் முதல் ரொட்டியைக் கத்தியால் வெட்டமாட்டார்கள். மாஸ்டர் கையாலேயே பிட்டு, வாசலில் முதல் ஆளாக நிற்பவருக்குப் பாதி கொடுப்பார். மீதிப் பாதியை அவர் எதிரிலேயே நின்று தின்பார். விற்கிறவன் முதலில் தின்று காட்ட வேண்டும் என்று அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வைத்த பழக்கமாம்.

முதல் ஆளாக நிற்பவர் எப்போதும் ஒருவர்தான். நாலு கடை தள்ளி கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து, மகளைக் கட்டிக்கொடுத்து, கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் தனியாக இருந்தார். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வருவார். அவர் வருவதற்கு முன்னால் தைல வாடை வரும். "வந்துட்டார்ப்பா ஆஸ்பத்திரி" என்று மாடியிலிருந்து நான் கத்துவேன். "உன் வாய்க்கும் இதைத் தேய்ச்சா கொஞ்சம் குறையும்" என்பார் அவர்.

நோய் வந்த வருஷம் எல்லாக் கடையையும் மூடச் சொன்னார்கள். ரொட்டிக்கடை மட்டும் காலையில் நாலு மணி நேரம் திறக்கலாம். வாசலில் வெள்ளைச் சுண்ணாம்பால் வட்டம் வட்டமாகப் போட்டுவிட்டுப் போனார்கள். முதல் வட்டம் கடிகாரக்காரருடையது. எல்லாரும் என் கையால் தைத்த மாஸ்க்கைத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் முதல் ரொட்டி மட்டும் நிற்கவில்லை. மாஸ்டர் வெளியே வந்து பிட்டுக் கொடுப்பார், இரண்டு பேரும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, எதிரும் புதிருமாக நின்று மென்றபடி பேசுவார்கள். அதைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஊரே செத்துக் கிடந்தபோது அந்த ஒரு காட்சி மனசுக்கு இதமாக இருந்தது.

தடுப்பூசி வந்ததும் சாப்பாட்டுப் பொருள் விற்கிறவர்களுக்கு முதல் சுற்றிலேயே டோக்கன் கொடுத்தார்கள். தங்கச்சி போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். மாஸ்டர் போகவில்லை. டோக்கன் கல்லாப்பெட்டிக்கு மேலே குத்தியிருந்த கம்பியில் கிடந்தது.

"ஏன்பா, உனக்கென்ன பயமா?" என்று கடிகாரக்காரர் ஒருநாள் கேட்டார். மாஸ்டரைவிட இருபது வயது மூத்தவர், வா போ என்றுதான் பேசுவார்.

"பயமெல்லாம் இல்லண்ணே. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கேக் போடுறானே, அவன் போட்டுக்கிட்டு வந்து ஒரு வாரம் நாக்குல ருசியே இல்லன்னான். சர்க்கரைக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியலயாம்."

"காய்ச்சல் அடிச்சா யாருக்குத்தான் ருசி தெரியும்? ஒரு வாரத்துல வந்துச்சுல்ல?"

"அவனுக்கு வந்துச்சு. எனக்கு வரலன்னா? கண்ணு போனாக்கூட நான் ரொட்டி போட்டுருவேன்ணே. மூக்கு போனா எங்கே போய் நிப்பேன்? என் உடம்புக்குள்ள என்ன போகணும்னு நான்தானே முடிவு பண்ணணும்?"

"அப்ப அந்த டோக்கனை எனக்குக் குடு. என் வயசுக்காரங்களுக்கு இன்னும் கூப்பிடவே இல்ல. என் பொண்ணு தினமும் போன்ல பிடுங்குறா, போய் பேரைக் குடுங்கப்பா, பேரைக் குடுங்கப்பான்னு."

"ஆள் மாத்திக் குடுக்கமாட்டாங்களாம்ணே. கேட்டுப் பார்த்துட்டேன்."

"கேட்டியா? எனக்காகவா?"

"பின்னே?"

கடிகாரக்காரர் இன்னொரு துண்டு பிட்டு மென்றார். பிறகு, "உள்ள உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். அடுத்த வாரம் ஊசிக்குப் பேர் எழுதும் ஆபீஸில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று பேரைப் பதிந்துவிட்டு வந்தார். இன்னும் மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை தேதி கொடுத்தார்கள். அந்தச் சீட்டை எனக்கும் காட்டினார். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமைக்குப் பத்து நாள் முன்னால்தான் இது நடந்தது. திங்கட்கிழமை. விடிந்துகொண்டிருந்தது. நான் மாஸ்க் கயிறு கோத்துக்கொண்டிருந்தேன். படியேறி வந்தது சிவக்கிற வாசம் இல்லை, கருகுகிற வாசம். பதினெட்டு வருஷத்தில் அந்த அடுப்பில் ஒரு பன் கருகி நான் பார்த்ததில்லை. தையல் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுப் படியில் பாதி இறங்கினேன். தங்கச்சி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மாஸ்டர் அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் நின்று அடுத்த மாவை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அடுப்புக் கதவின் இடுக்கில் புகை வந்தது. அவர் பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தார். புகை தோளைத் தாண்டி முகத்துக்கு முன்னால் வந்த பிறகுதான், கண்ணால் பார்த்து, திரும்பினார். தட்டை இழுத்தார். கரிக்கட்டை. ஒன்றைக் கையிலெடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"கவனிக்கலக்கா" என்றார். "பேச்சு சுவாரஸ்யத்துல விட்டுட்டேன்."

அங்கே பேசுவதற்கு யாரும் இல்லை. வாசம் தெரியாமல் போவதுதான் அந்த நோயின் முதல் அடையாளம் என்று ரேடியோவில் நாளைக்கு நாலு தடவை சொன்னார்கள். இருமல் இல்லாவிட்டாலும், காய்ச்சல் இல்லாவிட்டாலும், வாசம் தெரியவில்லையென்றால் உடனே சொல்லுங்கள் என்றார்கள். அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றோம்.

"பார்த்துச் செய்ங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்துவிட்டேன்.

ஏன் வந்தேன் என்று சொல்கிறேன். அதற்கு இரண்டு மாசம் முன்னால் என் அறைக்கு மேல் தளத்தில் ஒருத்தருக்கு நோய் வந்து, கட்டிடம் முழுவதும் கயிறு கட்டி அடைத்தார்கள். பதினாலு நாள். மற்ற வீடுகளில் ஆளுக்கு ஆள் துணை இருந்தது. நான் தையல் மிஷினோடு பேசினேன். பத்தாவது நாள் அது பதில் சொல்வது மாதிரி இருந்தது. பொய்யில்லை. இன்னொரு தடவை அந்தக் கயிற்றைக் கட்டினால் நான் பைத்தியமாகிவிடுவேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அதனால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: அவர் உடம்பு, அவர் கடை, பெண்டாட்டி பக்கத்திலேயே இருக்கிறாள், எனக்கென்ன வந்தது. ஆயுசில் முதல் தடவையாக அந்த வார்த்தையை நான் சொன்னேன்.

ஆறு மணிக்கு ஷட்டர் ஏறும் சத்தம். ஜன்னலில் நின்று பார்த்தேன். மாஸ்டர் வெளியே வந்து ரொட்டியைப் பிட்டார். பாதி அவருக்கு, பாதி கடிகாரக்காரருக்கு. இரண்டு மாஸ்க்கும் தாடைக்கு இறங்கின. கடிகாரக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "என்ன இன்னைக்குச் சத்தத்தையே காணோம்?" என்றார். நான் சிரித்துவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டேன்.

செவ்வாய், புதன், வியாழன். நாலு நாள் அப்படி நடந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கீழே தங்கச்சியின் குரல் வேறு மாதிரி கேட்டது. அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. நான் போய்ப் படியில் உட்கார்ந்தேன். கீழே நடப்பதெல்லாம் அங்கிருந்து தெரியும்.

"மறுபடி மோந்து பாருங்க" என்றாள்.

"பார்த்துட்டேனே. போகலாம்னு சொன்னேனே."

"மறுபடி பாருங்க."

அவர் குனிந்தார். "நல்லா இருக்கு. போகலாம்."

அவள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இது நேத்து மாவு இல்ல. மூடி வைக்க மறந்து கெட்டுப்போச்சுன்னு போன வாரம் எறியச் சொன்னீங்களே, அது. குப்பைத் தொட்டியில இருந்து இப்பதான் எடுத்துட்டு வந்தேன். எலி செத்த வாடை அடிக்குது. நீங்க போகலாம்னு சொல்றீங்க."

படியில் எனக்கே அந்த நாற்றம் வந்தது.

"எத்தனை நாளா?" என்றாள்.

"மாவுத் தூசி. சில நாள் அப்படித்தான் இருக்கும்."

"எத்தனை நாளாங்க?"

"திங்கட்கிழமையில இருந்து."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவே? போன் பண்ணுவே. கடையை அடைப்பாங்க. ரொட்டி இல்லாம இந்தத் தெரு என்ன பண்ணும்? எனக்குக் காய்ச்சலா, இருமலா? நாலு நாளா நான் போட்ட ரொட்டியில எவனாவது குறை சொன்னானா? கையிருக்கு, கண்ணிருக்கு. என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

"உங்க உடம்புதான். ஊசி வேண்டாம்னீங்க, சரின்னு விட்டேன். அது உங்க இஷ்டம். வெளிய வட்டத்துல நிக்கிறவங்ககிட்ட கேட்டீங்களா? அவங்க இஷ்டம் என்னன்னு?"

"கத்தாதே. அக்கா காதுல விழும்."

"விழட்டும். ஊருக்கே விழட்டும்."

அவள் ஷட்டரைப் பாதி வரை ஏற்றிவிட்டுப் போனை எடுத்தாள். அதற்குள் வெளியே செருப்புச் சத்தம். தைல வாடை. பாதி ஷட்டருக்குக் கீழே கடிகாரக்காரரின் முழங்கால் வரை தெரிந்தது.

"என்னம்மா, திறக்கறீங்களா மூடறீங்களா?"

"அண்ணே, பக்கத்துல வராதீங்க. வீட்டுக்குப் போங்க. கதவைச் சாத்திக்கங்க. அவருக்கு…" அவளால் அதற்கு மேல் முடியவில்லை.

அந்தக் கால்கள் ஒரு அடி பின்னால் போயின. பிறகு லேசாக ஒரு இருமல். "சரிம்மா" என்றார். "உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு அவனை. நான் நாளைக்கு வரேன்."

நாளைக்கு வரவில்லை. எங்கள் கட்டிடத்துக்குக் கயிறு கட்டிய அஞ்சாவது நாள், அவர் கடை வாசலில் வேன் வந்து நின்றது. ஜன்னலில் நின்று பார்த்தேன். அவரே நடந்து ஏறினார். சட்டைப் பையில் தைல பாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. வேனில் ஏறும்போது மேலே பார்த்தார். நான் கையாட்டினேன். அவர் நெஞ்சைத் தட்டிக் காட்டினார், மூச்சு வாங்குகிறது என்பதைப் போல. அவருக்கு ஊசி போட வேண்டிய வியாழக்கிழமை அதற்கு இரண்டு நாள் கழித்து வந்தது. அதற்கு அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து மகளுக்குச் செய்தி போயிற்று. வண்டி போக்குவரத்து கிடையாது. அவள் வர முடியவில்லை. அடக்கத்துக்கு நாங்கள் யாருமே போக முடியவில்லை.

மாஸ்டருக்கு இரண்டு நாள் இருமலோடு சரி. தங்கச்சிக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. கயிறு அவிழ்த்தார்கள். கடை திறந்தது. மாஸ்டர் யாரும் சொல்லாமலே போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். காலையில் முதல் ரொட்டியைப் பிட்டு, பாதியைத் தின்னாமல், இன்னொரு பாதியை யாருக்கும் கொடுக்காமல், இரண்டையும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வைப்பார். மத்தியானம் தங்கச்சி எடுத்துப் பறவைகளுக்குப் போடுவாள்.

இரண்டு மாசம் அவருக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் காலையில் முப்பது ரொட்டியையும் தூக்கிக் குப்பையில் கொட்டினார்.

"தைலம் விழுந்திருக்கு" என்றார்.

தங்கச்சி ஒன்றை எடுத்துப் பிட்டுத் தின்றாள். "ஒண்ணும் இல்லங்க. நல்லாத்தான் இருக்கு."

"இல்ல. தைல வாடை."

நானும் இறங்கிப் போய் மோந்து பார்த்தேன். வெறும் ரொட்டி. டாக்டர், மூக்கு திரும்பி வரும்போது சிலருக்கு அப்படித் தப்புத் தப்பாகத்தான் வரும், போகப் போகச் சரியாகும் என்றார். சரியாகவில்லை. மாவு, சர்க்கரை, சோப்பு, மழைத் தண்ணீர், எல்லாம் தைலம். பெண்டாட்டி தலைமுடியும் தைலமாம். அவள் அதை என்னிடம் சொல்லி அழுதாள். "பக்கத்துல படுக்க மாட்டேங்குறார்க்கா. கடிகாரக்கார அண்ணன் நடுவுல படுத்திருக்கார்ங்குறார்." அன்றைக்கு என் அறையில் விளக்கை அணைக்கவில்லை.

பழைய மாவை மோந்து பார்க்க ஆள் வேண்டுமே. பெண்டாட்டியைக் கேட்டார். அவள் முடியாது என்றுவிட்டாள். "அந்த மாவை உங்க மூக்குக்கிட்ட ஒரு தடவை கொண்டுவந்தேன். என் ஆயுசுக்கு அது போதும்." அதனால் நிறத்தைப் பார்த்து, கொப்புளத்தைப் பார்த்து, ஒரு குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார். ரொட்டி முன்னைப் போல இல்லைதான். சாப்பிட்டவர்கள் வாயைத் திறக்கவில்லை.

நாலு மாசம் கழித்து பஸ் ஓடத் தொடங்கியதும் கடிகாரக்காரரின் மகள் கடையைக் காலி செய்ய வந்தாள். மத்தியானம். நான் பன் வாங்கக் கீழே நின்றிருந்தேன். அப்பா மாதிரியே உயரம். கையில் ஒரு பை நிறையக் கடிகாரங்கள், உள்ளே எல்லாம் வேறு வேறு நேரத்துக்கு ஓடுகிற சத்தம்.

"மாஸ்டரண்ணே நீங்கதானே? அப்பா தினமும் உங்களைப் பத்தித்தான் பேசுவார்."

மாஸ்டர் மாவுக் கையோடு எழுந்து நின்றார். தங்கச்சி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"பாவி நான்தான்ணே அவரை அனுப்பினேன்" என்றாள் அந்தப் பெண், உட்காராமலே. "ஊசிக்குப் பேர் குடுங்க, பேர் குடுங்கன்னு உயிரை வாங்கினேன். ஒரு மணி நேரம் அந்த வரிசையில நின்னிருக்கார். வேற எங்கேயும் போகலயே அவர். காலையில உங்க கடை, திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கறது. அந்த வரிசையிலதான் வாங்கிட்டு வந்திருக்கார். நானே என் அப்பாவைக் கொண்டுபோய்த் தள்ளினாப்ல ஆச்சு."

"இல்லம்மா" என்றார் மாஸ்டர்.

"அந்த ஊசிப் பேச்சே எங்க வீட்ல கிடையாதுண்ணே. நாங்க யாரும் போட்டுக்கல. மாமியாருக்கு எழுபத்தொண்ணு, அவங்களையும் விடல. இன்னொரு உயிரை வரிசையில நிறுத்த என்னால முடியாது."

தங்கச்சி கணவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்கிறாளா, சொல்லுங்கள் என்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. மாஸ்டர் கையிலிருந்த மாவை மெதுவாகத் தேய்த்து உதிர்த்தார்.

"வரிசையில இல்லம்மா. என்கிட்ட இருந்துதான்."

"என்னண்ணே?"

"எனக்கு வந்திருந்துச்சு. தெரிஞ்சே மறைச்சேன். ஊசி போட்டுக்கன்னாங்க, நான் போட்டுக்கல. தினமும் முதல் ரொட்டியை நானும் அப்பாவும் பாதிப் பாதி தின்போம். எனக்கு மூக்கு போன பிறகும் கையால பிட்டு அவர்கிட்ட குடுத்தேன். அவர் பேர் பதிஞ்சு ரெண்டு வாரத்துக்கு மேல நல்லாத்தான் இருந்தார். நீ அனுப்பினதால ஒண்ணும் ஆகல. உன் மாமியாரைக் கூட்டிட்டுப் போம்மா."

பைக்குள் கடிகாரங்கள் ஓடின. அந்தப் பெண் அழவில்லை.

"எத்தனை நாள் குடுத்தீங்க?"

"நாலு நாள்."

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார். திங்கட்கிழமை மட்டும், என்னப்பா லேசா கருகின வாடைன்னார். நான் சிரிச்சுட்டேன்."

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "நீங்கதானே மேல இருக்கிற தையல்காரக்கா? எதையும் கேட்டுருவாங்க, அவங்களுக்குத் தெரியாம தெருவுல ஒண்ணும் நடக்காதுன்னு அப்பா சொல்லுவார். உங்களுக்கு ஒண்ணும் தெரியலயாக்கா? அந்த நாலு நாள்?"

மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கினாள். முதல் வட்டத்தின் சுண்ணாம்பு பாதி அழிந்து கிடந்தது. அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். பையிலிருந்த ஒரு கடிகாரம் அடிக்க ஆரம்பித்தது. தெருமுனை திரும்பும் வரை அந்தச் சத்தம் கேட்டது.

மறுநாள் விடியும் முன்னால் என் கதவைத் தட்டினார்கள். மாஸ்டர். கையில் பழைய மாவுக் கிண்ணம், மூடியோடு.

"அக்கா, ஒரு உதவி. தினமும் இதைக் கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்லணும்."

"எனக்கென்ன தெரியும் மாஸ்டர், நான் தையல்காரி."

"உங்க மூக்கு நல்ல மூக்குக்கா" என்றார். குரலில் கோபம் கிடையாது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "கீழே ஒரு பன் கருகினாக்கூட மேல இருந்து இறங்கி வந்துருவீங்க."

அவர் மூடியைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றார். நான் கண்ணை மூடிக் குனிந்தேன். புளிப்பு வாசம் வந்தது, நல்ல புளிப்பு. அதற்கு அடியில் வேறொரு வாடையும் வந்தது. அது அவருக்கு மட்டும்தான் வரும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"போகலாம்" என்றேன்.